முடியின் கால் பங்கு

காலையில் ஒரு விரலுக்குத் திரும்புகிற ஸ்டீயரிங், நண்பகலில் இரண்டு கைகளையும் கேட்கும். ஆலுவா பக்கம் பழைய பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. களமசேரியிலும் இடப்பள்ளியிலும் நெரிசலில் ஊர்ந்து, கொச்சிக்குள் புகுந்து, மட்டாஞ்சேரியில் மிளகு மண்டிகள் நிறைந்த சந்து ஒன்றில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதுதான் சக்கரம் இறுகும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் இளகும். காலை எடுத்தால் மறுபடியும் இறுகும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பம்ப் போயி சாரே" என்பார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பம்பைக் கழற்றிப் பிரித்து மேசையில் பரப்பினால் உடைந்தது என்று எதையும் காட்ட முடியாது. எல்லா உறுப்பும் முழுசாக இருக்கும். போனது சில மைக்ரான் உலோகம். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான்; அதில் கால் பங்கு தேய்ந்தாலே ஒன்றரை டன் வண்டியின் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். இவ்வளவு சிறிய தேய்மானம் ஏன் இவ்வளவு பெரிய வேலையைக் கெடுக்கிறது? அதை வீட்டிலேயே எந்த அளவுக்குச் சரிசெய்யலாம்? முதல் கேள்விக்கு விடை தெரிந்தவர்தான் இரண்டாவதில் கை வைக்க வேண்டும். தெரியாமல் கை வைப்பவர்கள் ஓடுகிற பம்பையும் கெடுத்துவிடுகிறார்கள்.

வண்டியைப் பற்றி முதலில் கொஞ்சம். கேரளத்துக்கும் பழைய பென்ஸுக்கும் உள்ள பந்தம் நெடியது. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல்லாண்டுக் காலம் வைத்திருந்த 1950-களின் பென்ஸ் 180 டி, மாநிலமே அறிந்த கார். அந்தத் தலைமுறைக் கார்களில் ஸ்டீயரிங்குக்கு உதவி கிடையாது. பெரிய சக்கரம், நிறையச் சுற்று, ஓட்டுநரின் தோள்பலம், அவ்வளவுதான். நாம் பேசப்போவது 1976-இல் அறிமுகமான டபிள்யூ 123 வகை. 1986 தொடக்கம் வரை சுமார் 27 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. பவர் ஸ்டீயரிங் தொடக்கத்தில் பல மாடல்களில் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதி. 1982 செப்டம்பருக்குப் பிறகு எல்லா மாடலிலும் வந்தது. அதன் வாரிசான டபிள்யூ 124 வகையை 1995-இல் டெல்கோ நிறுவனத்துடன் சேர்ந்து புனேயிலேயே கட்டத் தொடங்கினார்கள். இரண்டிலும் எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ட்டால் சுழல்வது வேன் பம்ப்தான். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிப்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டைத் தாண்டிய கார்கள்தான் 'விண்டேஜ்'. 123-இன் மூத்த வண்டிகள் இப்போதுதான் அந்த வயதை எட்டுகின்றன.

இயந்திரத்தின் பலத்தால் திசைதிருப்பும் யோசனை காருக்கு முன்பே கப்பலுக்கு வந்துவிட்டது. பொறியாளர் புருனெல் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' 200 மீட்டருக்கும் மேல் நீளமான கப்பல். அதன் சுக்கானைத் திருப்பப் பல ஆட்கள் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1860-களில் ஜான் மக்ஃபார்லேன் கிரே என்ற பொறியாளர் அதற்கு ஒரு நீராவி ஸ்டீயரிங் இயந்திரம் செய்தார். மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் நீராவி வால்வு திறக்கும். சுக்கான் திரும்பத் திரும்ப அதே அசைவு வால்வை மூடிக்கொண்டே வரும். மாலுமி கேட்ட அளவுக்குத் திரும்பியதும் சுக்கான் தானே நின்றுவிடும். அதே கப்பல்தான் 1870-இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பியைப் போட்டது. ஆக, பவர் ஸ்டீயரிங் முதலில் இந்தியாவுக்கு வந்தது கடல் வழியாக என்று சொன்னால் பெரிய பிழை இல்லை.

காரில் அதைப் புகுத்தியவர் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிகளுக்குப் பொறியாளராக இருந்து, லாரி ஓட்டுநர்களின் பாட்டைக் கண்ணால் கண்டவர். எண்ணெய் அழுத்தத்தை எந்நேரமும் கட்டி வைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுவதுதான் அன்றைய ஹைட்ராலிக் வழக்கம். அப்படிக் கட்டி வைத்தால் எங்காவது கசியும். டேவிஸ் அதைத் தலைகீழாக்கினார். வால்வு எப்போதும் திறந்தே கிடக்கும். பம்பிலிருந்து வரும் எண்ணெய் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கம் குறுகி, அங்கே அழுத்தம் ஏறும். 1926-இல் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் பொருத்தி ஓட்டிக்காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டியது. பிறகு பொருளாதார மந்தம் வந்து கிடப்பில் போட்டது. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளில் வேலைக்கு வந்தது. விற்பனைக் காரில் வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். அதற்குள் டேவிஸின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன.

நம் பக்கத்தில், 1929-இல் தொடங்கிய சென்னையின் ரானே குழுமம் 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பவர் ஸ்டீயரிங் செய்ய இறங்கியது. திருச்சி - மதுரை சாலையில் விராலிமலையைக் கடப்பவர்கள் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்திருக்கலாம்.

இனி பம்புக்குள் போவோம். ஓர் இரும்பு வளையம். அதன் வெளிப்பக்கம் வட்டம்; உட்பக்கம் நீள்வட்டத்தை ஒத்தது. அதற்குள் ஒரு வட்டமான ரோட்டார். ரோட்டாரின் விளிம்பில் பெரும்பாலும் பத்துப் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு எஃகுத் தகடு. இந்தத் தகடுகளைத்தான் வேன் என்கிறார்கள். ரோட்டார் சுழலும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டு வளையத்தின் உட்சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். வளையம் அகலும் இடத்தில் இரண்டு தகடுகளுக்கு இடையிலான அறை விரிந்து எண்ணெயை உறிஞ்சும். குறுகும் இடத்தில் சுருங்கி வெளியே தள்ளும். கொல்லன் பட்டறைத் துருத்தி போல விரிவும் சுருக்கமும்தான் வேலை. ஆனால் இங்கே பத்து அறைகள், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. தகடு வெளியே நிற்பதற்குச் சுழற்சி விசை மட்டும் போதாது. அதனால் பம்ப் தன் சொந்த அழுத்த எண்ணெயிலேயே கொஞ்சத்தைத் தகட்டின் அடிப்பக்கத்துக்கு அனுப்பி, அதை வளையத்தின் மேல் அழுத்திப் பிடிக்கிறது.

நழுவும் தகடு கொண்ட பம்புக்குக் கனடாவின் சார்லஸ் பார்ன்ஸ் 1874-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதில் ஒரு பக்கம் அழுத்தம், மறு பக்கம் உறிஞ்சல். எண்ணெயே ரோட்டாரை ஒரு புறமாகத் தள்ளி, தண்டின் பேரிங்கைத் தின்றுவிடும். 1925-இல் ஹாரி விக்கர்ஸ் செய்தது எளிய, அழகான திருத்தம்: நேரெதிரே இரண்டு உறிஞ்சும் இடங்கள், நேரெதிரே இரண்டு தள்ளும் இடங்கள். எதிரெதிர் அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, தண்டின் மேல் எண்ணெயின் பாரமே இல்லாமல் போயிற்று. பல டபிள்யூ 123 கார்களில் இருப்பதும் விக்கர்ஸ் பம்ப்தான். இன்று அந்தத் தண்டைப் பக்கவாட்டில் இழுப்பது பெல்ட் ஒன்றே. பெல்ட்டை வீணை நரம்பு மாதிரி முறுக்கி வைக்கும் மெக்கானிக்குகள் பம்பின் முன் புஷ்ஷைத் தாங்களே கொல்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் பெல்ட் இழுக்கும் பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது சாட்சி.

பம்பின் உழைப்பைக் கணக்கில் பார்த்துவிடுவோம். ஒரு சுற்றுக்கு 10 கன சென்டிமீட்டர் தள்ளும் பம்ப், நிமிடத்துக்கு 800 சுற்றில் 8 லிட்டர் தரும். நின்ற இடத்தில் சக்கரத்தை ஒடிக்கும்போது அழுத்தம் 80 பார் ஏறுவதாகக் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ பாரம். ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டன் 8 செ.மீ. விட்டம் என்றால் அதன் மேல் விழும் மொத்த விசை 4 டன். இதற்குப் பம்ப் எஞ்சினிடம் வாங்குவது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல். நேர் சாலையில் அழுத்தம் சில பாருக்கு இறங்கிவிட, செலவும் நூறு வாட்டுக்குள் அடங்கும்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தைத் திருப்ப அதிக பலம் தேவைப்படுவது வண்டி நிற்கும்போதுதான். டயர் உருளாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு திருகும். அப்போது எஞ்சின் மெதுவாக ஓடுவதால் பம்ப் தருவதும் குறைவு. நெடுஞ்சாலையில் 4,000 சுற்றில் பம்ப் 40 லிட்டர் தரத் தயார்; அங்கே அது யாருக்கும் வேண்டாம். வேண்டாததைத் திருப்பி உறிஞ்சும் பக்கத்துக்கே அனுப்ப, பம்பின் முதுகில் ஒரு துளையில் சிறு ஸ்பூல் வால்வும் ஸ்பிரிங்கும் உட்கார்ந்திருக்கும். ஆகவே பம்ப் முழுத்திறனில் உழைப்பது ஐடிலில் மட்டுமே. தேய்ந்த பம்ப் முதலில் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

இப்போது அந்தக் கால் முடிக்கு வருவோம். ரோட்டார் வளையத்தைவிட ஒரு நூலிழை ஒல்லியாக இருக்கும். இரு பக்கமும் மூடியிருக்கும் தட்டுகளுக்கும் ரோட்டாருக்கும் இடையே நல்ல நிலையில் 15 மைக்ரான் அளவுக்குத்தான் இடம். அந்த இடுக்கை நிரப்பியிருக்கும் எண்ணெய்ப் படலமே மசகு, அதுவே அடைப்பும். அழுத்த எண்ணெய் அந்த இடுக்கு வழியே பின்னால் கசியத் துடிக்கும். எவ்வளவு கசியும்? இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே ஓடும் எண்ணெயின் அளவு, இடுக்கின் கனமடியைப் பொறுத்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் வகுத்த மசகுச் சமன்பாட்டின் நடுவில் இருப்பதும் இந்தக் கனமடிதான். இடுக்கு 15 மைக்ரானிலிருந்து 30 ஆனால் கசிவு இரு மடங்கில் நிற்காது, எட்டு மடங்காகும். 45 ஆனால் 27 மடங்கு. பம்பின் மரணம் படிப்படியாக வராமல் ஒரு கட்டத்தில் திடுமென வருவதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

எண்ணெய் இளகினாலும் கசிவு அதே விகிதத்தில் ஏறும். பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெய் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். காலையில் அந்தக் கெட்டியான எண்ணெயே தேய்மானத்தை மறைத்துவிடுகிறது. நண்பகல் நெரிசலில் பம்ப் தள்ளும் 8 லிட்டரில் பெரும் பகுதி உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இளகுகிறது என்றால், பம்ப் கசிவதைவிட வேகமாகத் தள்ளத் தொடங்குகிறது என்று பொருள். 'காலையில் லேசு, மதியம் கனம், மிதித்தால் சரி' என்ற மூன்றும் சேர்ந்தால் பம்பைத் திறக்காமலே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லிவிடலாம். குளிர்ந்திருக்கும்போதே கனமாக இருந்தால் கதை வேறு: பள்ளத்தில் ஒட்டிக்கொண்ட தகடு, சிக்கிக்கொண்ட ஸ்பூல், தளர்ந்த பெல்ட்.

சத்தத்துக்கும் பொருள் உண்டு. சாதாரணக் காற்றழுத்தத்தில் கனிம எண்ணெய் தன் கனஅளவில் சுமார் 9 சதவீதம் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் தாழும்போது அந்தக் காற்று குமிழாக வெளிவரும். அழுத்தப் பக்கம் போனதும் குமிழ்கள் நொறுங்கும். அந்த நொறுங்கல்தான் நாம் கேட்கும் முனகல். உறிஞ்சும் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே வரும். இந்த இடத்தில் எண்ணெய் ஒரு சொட்டும் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். தொட்டியில் நுரை இருந்தால் பம்பைத் தொடுமுன் நாற்பது, ஐம்பது ரூபாய் கிளிப்பை மாற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் பம்ப் மாற்றியவர்கள் ஏராளம்.

ஆலுவாவில் இந்தப் பம்புகளுக்கு வந்த பெரிய சோதனை 2018 ஆகஸ்ட் வெள்ளம். இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்டன. 15-ஆம் தேதி நெடும்பாசேரி விமான நிலையம் மூடப்பட்டது. 29-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. பெரியாற்றங்கரையின் தாழ்ந்த பகுதிகளில் நின்ற கார்கள் பானெட் வரைக்கும், சில கூரை வரைக்கும் முழுகின. வெள்ளம் வடிந்த பிறகு எல்லாரும் கவலைப்பட்டது எஞ்சினையும் கியர்பெட்டியையும் பற்றி. ஸ்டீயரிங் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தவர் குறைவு. அதன் மூடியில் காற்று போய்வர வழி உண்டு. தண்ணீரும் அதே வழியில் போகும். சிவந்த எண்ணெய் தண்ணீர் கலந்தால் பால்விட்ட தேநீரின் நிறத்துக்கு மாறும். தண்ணீர் கலந்த படலத்துக்குத் தகட்டின் முனையைத் தாங்கும் வலு இருக்காது. அந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பினால் தகடு வளையத்தை உரசும். கிளப்பாமல் மாதக்கணக்கில் விட்டால் வளையத்தில் துருப் புள்ளிகள் விழும். முழுகிய வண்டியில் முதல் நாளே எண்ணெயை வடித்து, புதிதை ஊற்றி, கையால் சக்கரத்தை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பிக் கழுவி, மறுபடி வடித்தவர்களுக்கே பம்பைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது. வெள்ளமே வராவிட்டாலும் ஜூன் முதல் நவம்பர் வரை ஆலுவாவின் ஈரக்காற்று அதே வேலையை மெதுவாகச் செய்கிறது.

இனி வேலை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கை நம்பிக் கீழே போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் இந்த அத்தியாயத்தின் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம். எஞ்சின் ஓடும்போது அழுத்தக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே திசு அழுகும்.

பம்பைக் கழற்றியதும் திறக்காமல் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். இருபது, முப்பது ஆண்டு அழுக்கு உள்ளே போனால் அதுவே முதல் எதிரி. புல்லியைப் பொருத்தமான புல்லர் போட்டு எடுக்க வேண்டும்; சுத்தியல் தட்டு ஒவ்வொன்றும் தண்டின் வழியே தகட்டுக்குப் போகும். பின் மூடியைத் திறக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருப்பதை மறக்கக் கூடாது. பிறகு ஒவ்வோர் உறுப்பையும் எடுத்த வரிசையில், எடுத்த முகம் மேலே இருக்கும்படி வெள்ளைத் துணியில் வையுங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பது நல்லது. தகட்டின் ஒரு விளிம்பு உருண்டிருக்கும், அது வளையத்தைப் பார்க்க வேண்டும். வளையத்தைத் திருப்பிப் போட்டால் பம்ப் வேலை செய்யாது. பல வளையங்களில் சுழற்சித் திசைக்கு அம்புக்குறி இருக்கும்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். வளையத்தின் உட்சுவரில் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். மங்கிய பளபளப்பு, மெல்லிய கோடுகள், நகம் வழுக்கிப் போகிறது என்றால் பம்ப் பிழைக்கும். அலை அலையாகத் தடம் விழுந்து நகம் தட்டித் தட்டிப் போனால், தகடுகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு துள்ளியிருக்கின்றன. அந்த வளையம் முடிந்தது. அதை வீட்டில் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, முயலவும் கூடாது. பக்கத் தட்டில் மெல்லிய வட்டக் கோடுகள் மட்டும் இருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி, எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்து மட்டமாக்கலாம். ரோட்டாரின் முகத்தை மட்டும் தொடாதீர்கள். அதில் 10 மைக்ரான் எடுத்தால் இடுக்கு 10 மைக்ரான் கூடும். அதன் பலன் என்ன என்று மேலே உள்ள கனமடி சொல்லும். நேர்மாறாக, வளையத்தின் அகலத்தில் சில மைக்ரான் எடுத்தால் இடுக்கு குறையும். தேய்ந்த ரோட்டாருக்கு இதுதான் மருந்து. ஆனால் அது சர்ஃபேஸ் கிரைண்டரில் செய்ய வேண்டிய வேலை, வாட்டர் பேப்பரில் நடக்காது. 1960-களிலிருந்து எச்.எம்.டி. லேத் கட்டிய களமசேரியைச் சுற்றி இதைக் கேட்டால் புரிந்துகொள்ளும் கைகள் இன்னும் உண்டு.

வாட்டர் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்ப்பு மணிகளில் ஒன்றான அலுமினியம் ஆக்சைடை அதே களமசேரியில்தான் கார்போரண்டம் யுனிவர்சல் மின் உலையில் உருக்கிச் செய்கிறது. முருகப்பா குழுமத்தின் கம்பெனி, 1954-இல் தொடங்கியது. பி 1000 எண் தாளில் ஒரு மணியின் அளவு ஏறத்தாழ 18 மைக்ரான். நம் இடுக்கும் ஏறத்தாழ அதே அளவு. இது தற்செயல், ஆனால் ஆபத்தான தற்செயல். இடுக்கைவிட மிகச் சிறிய துகள் எண்ணெயோடு ஓடிப்போகும். மிகப் பெரியது உள்ளேயே நுழையாது. இடுக்கின் அளவே உள்ளதுதான் புகுந்து மாட்டி இரண்டு பக்கத்தையும் கீறும். தேய்த்த பிறகு கழுவாமல் பூட்டுவது பம்பை அரைப்பதற்குச் சமம். மண்ணெண்ணெயில் ஒரு முறை, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு ஒரு முறை, உலர்த்தி மறுபடி சுத்தமான மண்ணெண்ணெயில் ஒரு முறை, கடைசியில் புது எண்ணெயில் முக்கி எடுப்பது. பட்டறையில் எல்லாவற்றுக்கும் கைக்கு வரும் பனியன் வேஸ்ட் இங்கே வேண்டாம், நூல் உதிரும்.

ஸ்பூல் வால்வைக் கழுவி எண்ணெய் தடவி அதன் துளையில் விட்டால், சொந்த எடையில் வழுக்கி இறங்க வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் எங்கோ ஒரு பிசிறு. பல நேரங்களில் பம்பின் முழு நோயும் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து ரப்பர். இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-இல் ஆலுவாவுக்குக் கிழக்கே, இதே பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில் தொடங்கியது. ஆனால் அந்த மரத்து ரப்பர் இந்தப் பம்புக்கு ஆகாது. கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும். இங்கே வேண்டியது 1930-களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர். இதே காரணத்தால் பிரேக் எண்ணெயை இந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அது நைட்ரைலை உப்ப வைத்துவிடும். ஓ-ரிங் ஒரு வேடிக்கையான பொருள். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930-களில் காப்புரிமை பெற்றது. எண்ணெய் அதை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அது இடுக்கை அடைக்கும். பல்லாண்டுச் சூட்டில் மீள்தன்மை போனதும் வட்டமாக இருந்தது தட்டையாகிவிடும். கழற்றிய ஓ-ரிங்கை வெட்டிப் பாருங்கள், வெட்டுமுகம் சதுரமாக இருந்தால் கசிவுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். சீல் கிட் கிடைக்காவிட்டால், அளவெடுத்து ஹைட்ராலிக் கடையில் தனித்தனியாக வாங்கலாம். மாற்றுப் பம்புக்கு உக்கடம், புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தைகள் இருக்கின்றன. தண்டில் பழைய ஆயில் சீலின் உதடு பள்ளம் போட்டிருந்தால், புதியதை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தால் புது இடத்தில் பிடிக்கும்.

பூட்டி முடித்து எண்ணெய் ஊற்றியதும் எஞ்சினைக் கிளப்பும் ஆசை வரும். அடக்குங்கள். முன்சக்கரங்கள் தூக்கிய நிலையில், எஞ்சின் ஓடாமல், சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் தொட்டியில் குமிழ்கள் வரும். குமிழ் நிற்கும் வரைக்கும் திருப்பி, எண்ணெயை நிரப்பி, அதன் பிறகே ஐடிலில் ஓடவிட வேண்டும். பல பென்ஸ் தொட்டிகளுக்குள் ஒரு சிறு காகித வடிகட்டி உண்டு. அது இருப்பதே தெரியாமல் இருபது ஆண்டு ஓட்டியவர்களும் உண்டு. புதிதாகப் போடுங்கள்.

ஓட்டும்போது ஒரு பழக்கத்தை விட வேண்டும். சக்கரத்தைக் கோடி வரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொள்வது. அப்போது அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் நிவாரண வால்வு திறந்து, பம்பின் ஒரு கிலோவாட்டும் சூடாகவே மாறும். ஒரு லிட்டர் எண்ணெய் முழுவதும் அந்தச் சூட்டை வாங்கினால்கூட நிமிடத்துக்கு 35 டிகிரிக்கு மேல் ஏறும். உண்மையில் பம்புக்குள் சுழலும் சிறிதளவு எண்ணெயே அதைத் தாங்குவதால் ஏற்றம் இன்னும் வேகம். ஐந்து வினாடிக்கு மேல் கோடியில் பிடிக்க வேண்டாம்.

1988-இல் சுஸூகி செர்வோவில் மின்சார பவர் ஸ்டீயரிங் வந்தபோது இந்த எண்ணெய்க் கதை முடிவுக்கு வரத் தொடங்கியது. இன்றைய சிறு கார்களில் பம்ப் இல்லை, எண்ணெய் இல்லை, நேர் சாலையில் வீண் செலவும் இல்லை. பொறியியலாக அதுவே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் கணினிப் பலகை போனால் திண்ணையில் உட்கார்ந்து திறந்து பார்க்க ஒன்றும் இருக்காது. ஐம்பது வயதை எட்டும் விக்கர்ஸ் பம்பை இன்றும் திறக்கலாம். நகம் வழுக்கினால் நாற்பது ஐம்பது ஆண்டுப் பம்பும்கூட, புது சீலும் சுத்தமும் கொண்டு மறுபடி ஓடும். நகம் தட்டினால் வேறு பம்ப் தேடுங்கள், அதில் பணம் போடாதீர்கள்.

வடித்த பழைய எண்ணெயை வாசல் ஓடையில் ஊற்றாதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. ஆலுவாவின் ஓடைகள் பெரியாற்றில் சேர்கின்றன. கொச்சி நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும் பகுதி ஆலுவாவில்தான் எடுக்கப்படுகிறது. பழைய கேனில் அடைத்து, பயன்படுத்திய எண்ணெயை முறைப்படி சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.